வெறும் அறையின் சத்தம்

கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற அக்கா, கொஞ்ச நாளாகக் கேள்வி முடிந்த பிறகும் ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தாள்.

ஒரு மூச்சுதான். வீடியோ காலில் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்; லைன் மந்தமாக இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். தங்கையால் விட முடியவில்லை. சின்ன வயதிலிருந்து அவளை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விட்டதில்லை அக்கா. "எனக்குப் பசி" என்று ஆரம்பித்தால் "எடுத்து வெச்சிருக்கேன், போ" என்று முடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் சாப்பிட்டியா என்று கேட்டால், திரையில் முகம் அசையாமல் இருக்கிறது, கண் மட்டும் லேசாக ஒரு பக்கம் போய்வருகிறது, அதற்குப் பிறகுதான் "சாப்பிட்டேன்" வருகிறது.

இந்த மாதிரி விஷயத்தில் மூக்கை நுழைப்பதுதான் தங்கையின் பிழைப்பு. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பவர்களை இணையம் வழியாக ஒரே திரையில் கூட்டிவைத்துப் பேசவைக்கும் மென்பொருளைச் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அதில் இரைச்சலைப் பிரிக்கும் ஃபில்டர் அவள் பொறுப்பு. ஒருவர் பேசும்போது பின்னால் ஓடும் ஃபேன், குரைக்கும் நாய், பக்கத்து வீட்டுச் சுவரைத் துளைக்கிற மெஷின் எல்லாவற்றையும் ஃபில்டர் எடுத்துத் தூரப் போட்டுவிடும்; பேச்சு மட்டும் போய்ச் சேரும். அப்படிப் போட்டதோடு ஒரு நல்ல வார்த்தையும் சேர்ந்து போய்விட்டதா என்று பார்க்க, போட்டதையெல்லாம் தனியாகச் சேர்த்துவைப்பார்கள். அதன் பெயர் குப்பை ட்ராக். பகல் முழுக்க வீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முன்பின் தெரியாதவர்களின் குப்பையைக் கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். யார் வீட்டு ஃப்ரிட்ஜ் எப்போது காலை வாரும் என்று அவளால் ஜோசியமே சொல்ல முடியும். ஆபீசில் அவளுக்குக் குப்பை ராணி என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அதை அவள் கௌரவமாகவே எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு வேலை கணக்கு டியூஷன், அதுவும் இதே மென்பொருளில்தான். புருஷனோடு ஒத்துவராமல் பிரிந்து, வேறு ஊரில், தெருக்கோடியில் ஒரு தனி வீட்டை வாடகைக்குப் பிடித்து, அங்கிருந்தே பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். வீடு மாறிய அன்றைக்கே தங்கைதான் புது ஃபில்டரைப் போட்டுக் கொடுத்தாள். தெளிவாகக் கேட்டால் பிள்ளைகள் அதிகம் சேருவார்கள் என்று ஒரு ஆசை. அம்மா போன பிறகு தலை பின்னி, ஷூவுக்கு லேஸ் கட்டி, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுவிட்டவளுக்கு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேருக்கும் வேறு நாதி கிடையாது.

இங்கே வந்து என்னோடு இரு என்று தினமும் கேட்டுப் பார்த்தாள். அக்கா முதலில் சிரித்து மழுப்பினாள். இப்போதெல்லாம் ஒரு மூச்சு விட்டு, அமைதியாக, "எனக்கு இங்கயே வசதியா இருக்கு" என்கிறாள். அதற்கப்புறம், "நல்லா இருக்கேன். எனக்கென்ன குறை." அதுதான் தங்கைக்கு உறுத்தியது. அக்கா "எனக்கென்ன கேடு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சொல்லுகிறவள். குறை என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை.

டியூஷன் பிள்ளையின் அம்மா ஒருத்தியும் அந்த மூச்சு இடைவெளியையே கம்பெனிக்குப் புகாராக அனுப்பியிருந்தாள். டீச்சர் நல்லாத்தான் சொல்லித் தருகிறார், ஆனால் எதைக் கேட்டாலும் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறார், லைன் கோளாறா பாருங்கள் என்று. தங்கை பார்த்தாள். லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. அக்காவின் உதடு அசைவதற்கும் குரல் வந்து சேர்வதற்கும் நடுவில் இடைவெளியே இல்லை. தாமதம் அக்காவிடம்தான் இருந்தது.

அன்று மத்தியானத்திலிருந்து மழை. ஜன்னல் கம்பியிலிருந்து சொட்டும் நீர் கீழே தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, அறைக்குள் ஈரத் துணியின் வாடையும் ஆறிப்போன டீயின் வாடையும் கலந்து நின்றன, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்ததால் மேசைக்கு அடியில் அவளுடைய கால்கள் இருட்டுக்குள் இருந்தன. அக்காவின் குப்பையை அவள் அதுவரை கேட்டதில்லை. சொந்த அக்கா வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிற மாதிரி இருக்கும் என்று தள்ளிப்போட்டிருந்தாள். இப்போது நேற்றைய பேச்சின் குப்பையை எடுத்துத் திறந்தாள்.

முதலில் எல்லாம் வழக்கமான சரக்குதான். ஒரு பக்கம் இழுத்துச் சுற்றும் ஃபேன், ஃப்ரிட்ஜின் முனகல், குழாயில் எங்கேயோ காற்றடைத்து விடுகிற பெருமூச்சு, தெருவில் ஒரு வண்டி போய் மறைவது. அவற்றுக்கு அடியில், சல்லடையிலிருந்து மாவு உதிர்கிற மாதிரி மெல்லிய ஒரு சலசலப்பு விட்டுவிட்டு வந்தது. அவள் ஒலியைக் கூட்டினாள். ஃபேனை அடக்கினாள், ஃப்ரிட்ஜை அடக்கினாள். இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"சாப்பிட்டேன்," என்றது அது.

அக்காவின் குரல். நல்ல பேச்சும் குப்பையில் விழுந்திருக்கிறது, ஃபில்டரில் ஓட்டை என்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஓட்டையை அடைப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. சுத்தமான ட்ராக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டாள். சுத்தமான ட்ராக்கில் அவளே கேட்டாள், சாப்பிட்டியா என்று. குப்பையில் "சாப்பிட்டேன்" என்றது. ஒரு மூச்சு கழித்து, சுத்தத்தில் அக்கா "சாப்பிட்டேன்" என்றாள்.

திரும்பப் போட்டாள். அதே மாதிரிதான் வந்தது.

எதிரொலி என்றால் பின்னால்தான் வரும். சுவரில் மோதித் திரும்ப அதற்கு நேரம் வேண்டும். இது முன்னால் வந்தது. எனக்கென்ன குறை என்று அக்கா சொல்வதற்கு முன்னால் அது சொன்னது. எனக்கு இங்கயே வசதியா இருக்கு என்பதையும் அதுதான் முதலில் சொன்னது. அக்கா ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், பாடம் ஒப்பிக்கிற பிள்ளையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூர்ந்து கேட்டபோது இன்னொன்றும் புரிந்தது. அக்காவின் பேச்சில் வார்த்தைகளுக்கு நடுவே மூச்சு இருந்தது. மற்றதில் மூச்சே இல்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். மழை விழுந்துகொண்டுதான் இருந்தது. யாரோ ஒருவன் அக்கா வீட்டில் புகுந்து உட்கார்ந்துகொண்டு மிரட்டிப் பேசவைக்கிறான் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு எவ்வளவோ தேவலை என்று இருந்தது. போலீசிடமாவது போகலாம்.

ஆனால் ஃபில்டர் ஏன் அதைக் குப்பை என்று தள்ளியது? மனிதக் குரலைத் தள்ளாது. ஒன்றே ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு தள்ளும். ஃபில்டரைப் போடுகிற அன்றைக்கு அறையை விட்டு எல்லோரும் வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்வார்கள். அந்த அறையில் எப்போதும் இருப்பது எது என்று ஃபில்டர் அதிலிருந்துதான் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதை அப்புறம் ஒருபோதும் பேச்சாக எடுத்துக்கொள்ளாது. அக்கா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். வெளியே போய் நில்லு, நான் சொல்லாமல் கதவைத் திறக்காதே என்று இவள்தான் போனில் சொன்னாள். அக்கா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பதிவைத் தேடி எடுத்தாள். வெறும் அறைப் பதிவை யாரும் கேட்பதில்லை. அதில் கேட்க என்ன இருக்கப் போகிறது?

ஃபேன் இல்லை. ஃப்ரிட்ஜின் முனகல். காலி வீட்டுக்கே உரிய ஒரு அடர்த்தியான அமைதி, சுண்ணாம்பு வாடை காது வழியாக அடிக்கிற மாதிரி. நெடுநேரம் அதுவேதான் ஓடியது. பிறகு, மைக்குக்கு மிக அருகில், அக்காவின் குரல்.

"முடிஞ்சுதா? உள்ள வரலாமா?"

அக்கா அப்போது வெளியே இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

ஒரு மூச்சு. தாழ்ப்பாள் விலகும் சத்தம், கதவின் கிரீச், தரையில் செருப்பு. தூரத்திலிருந்து, மூச்சு வாங்க, சிரிப்போடு, அக்கா கேட்டாள்.

"முடிஞ்சுதா? உள்ள வரலாமா?"

தங்கை எழுந்துபோய் முகம் கழுவினாள். துடைக்காமலே திரும்பி வந்து, அக்காவைக் கூப்பிட்டாள். டியூஷன் முடிகிற நேரம். மழையால் அதற்குள் வெளியே மங்கிவிட்டிருந்தது. திரையில் அக்கா வந்தாள், பின்னால் வெள்ளைச் சுவர், தலைக்கு மேல் டியூப்லைட். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

வேறு ஏதேதோ பேசிக்கொண்டே, தன் பக்கத்திலிருந்து அக்காவின் ஃபில்டரை நிறுத்தினாள். ஃபேன் இரைச்சல் குபுக்கென்று உள்ளே வந்தது. அதோடு அதுவும் வந்தது.

"யாருக்கா உன் பக்கத்துல?"

"யாருமில்ல. பாரு," என்றது குரல். ஒரு மூச்சு.

"யாருமில்ல. பாரு," என்றாள் அக்கா. லேப்டாப்பைத் தூக்கி அறை முழுக்கச் சுற்றிக் காட்டினாள். கட்டில், அலமாரி, கொடியில் ஒரு துண்டு. யாருமில்லை. காட்டிக்கொண்டிருக்கும்போதே குரல் மைக்கை ஒட்டி, அவசரமே இல்லாமல், அடுத்ததைச் சொன்னது.

"அதை மறுபடியும் போட்டுடு."

லேப்டாப் கீழே வந்தது. அக்காவின் முகம் திரையை நிறைத்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது. வாய் மட்டும் சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசியது.

"அதை மறுபடியும் போட்டுடு."

தங்கை ஃபில்டரைப் போடவில்லை. அக்கா, எழுந்து வெளியே வா, அப்படியே தெருவுக்கு வா என்று கெஞ்சினாள். குரல் "எனக்கு இங்கயே" என்று ஆரம்பித்தது. அப்போது தெருவில் ஏதோ லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது; அந்தச் சத்தத்தில் குரல் அமுங்கியது. அந்த ஒரு இடைவெளியில் அக்காவின் வாய் கோணி, கழுத்து நரம்பு புடைத்து, எதையோ உள்ளிருந்து பிய்த்து எடுக்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தது.

"வராதே."

அதற்கு முன்னால் யாரும் அதைச் சொல்லவில்லை. அக்கா தானாகச் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

ஹாரன் ஓய்ந்தது. "நீ இங்க வா. வந்து என் பக்கத்துல உக்காரு," என்றது குரல். அக்காவும் அதையே சொன்னாள். கன்னத்தில் நீர் வழிய, புன்னகையோடு சொன்னாள்.

"வரேன் அக்கா. இப்பவே கிளம்பறேன்," என்று தங்கை சொன்னாள். இணைப்பு அறுந்தது.

பையில் இரண்டு துணியைத் திணித்தாள். சாவியைத் தேடினாள். அக்கா வராதே என்றது காதிலேயே இருந்தது, ஆனால் அவளை அங்கே விட்டுவிட்டு இங்கே எப்படி உட்கார்ந்திருப்பது? துணைக்கு யாராவது வேண்டும். ஆபீசில் அவளுக்கு நெருக்கம் என்றால் சீனியர்தான், அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். அவருக்குப் போன் செய்தாள். அக்காவின் ட்ராக்கில் ஒரு குரல் முன்னாலேயே வருகிறது சார் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

அவர் பேச ஒரு மூச்சு ஆனது.

"உன்னோடதுலயும் அது இருக்கேம்மா," என்றார். "போன மாசமே சொன்னேனே, உனக்கு எதிரொலி முன்னாடி வருதுன்னு. மெஷின் கோளாறா இருக்கும்னு விட்டுட்டேன்."

சொன்னார்தான். இவள்தான் சிரித்துவிட்டுப் போனாள். தன் குப்பையைத் தானே கேட்கக் கூடாது, அடுத்தவர்தான் கேட்க வேண்டும் என்பது அவர்கள் ஆபீஸ் வழக்கம். தன் குரலைத் தான் கேட்டால் எல்லாமே சரியாகத்தான் படும் என்பது சீனியரின் கட்சி. இத்தனை வருஷத்தில் அவள் ஒருமுறைகூடத் தன்னுடையதைக் கேட்டதில்லை. வேற ஏதாவது இருக்காம்மா என்று சீனியர் கேட்டார். அதற்கு முன்னாலும் ஒரு மூச்சு இடைவெளி இருந்தது. போனை வைத்துவிட்டாள்.

பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்தாள். சற்று முன் பேசியதில் தன் பக்கத்துக் குப்பையை எடுத்தாள். மழை. தகரத்தில் சொட்டு. அவளுடைய நாற்காலி முனகுவது.

"யாருக்கா உன் பக்கத்துல?"

அவள் குரல். மூச்சில்லாமல்.

ஒரு மூச்சு கழித்து, சுத்தமான ட்ராக்கில், பதறிப்போய் அவள் கேட்டாள். யாருக்கா உன் பக்கத்துல?

பதிவைத் தள்ளிக்கொண்டே போனாள். எழுந்து வெளியே வா. தெருவுக்கு வா. கெஞ்சல் முழுக்க முதலில் குப்பையில் இருந்தது. கடைசியில் அதுவும். "வரேன் அக்கா. இப்பவே கிளம்பறேன்." குப்பையில் அது நிதானமாக இருந்தது. தெளிவாக இருந்தது. இவளுடையதில் மட்டும்தான் அழுகை இருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினாள். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். அறையில் மழையைத் தவிர ஒன்றுமில்லை. காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. மைக்குக்கு மட்டும்தான் எட்டுகிறது. தோள் வாரை இறுக்கிப் பிடித்தாள். அக்காவிடம் போகலாம் என்று எப்போது முடிவு செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். முடிவு செய்ததாகவே ஞாபகம் இல்லை. வாய் சொன்னது, கை துணியை எடுத்தது.

திரை ஒளிர்ந்தது. அக்கா கூப்பிட்டாள்.

எடுக்கக் கூடாது என்று நினைத்தாள். எடுத்தால் அக்காவின் முகத்தையாவது பார்க்கலாம். எடுத்தாள்.

பேசப் போவதில்லை. அவ்வளவுதான் அவளால் முடிந்தது. பற்களைக் கடித்துக்கொண்டாள். போக மாட்டாள். அக்கா அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பாடுபட்டாள் என்று கண்ணால் பார்த்தவள். அதை வீணாக்க மாட்டாள். உதட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

புது அழைப்பு என்பதால் அக்காவின் ஃபில்டர் தானாகவே திரும்ப ஓடியது. திரையின் ஓரத்தில் தங்கையின் ஒலிக்கு இரண்டு பட்டைகள் எப்போதும் ஓடும். மேலே பச்சை, அது போய்ச் சேருகிற பேச்சு. கீழே சாம்பல், அது குப்பை. இரண்டும் தரையோடு தரையாகக் கிடந்தன.

அக்கா அவளைப் பார்த்தாள். தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். கண்ணிலிருந்து நீர் நிற்காமல் வழிந்தது. பிறகு அவள் வாய் திறந்தது.

"கிளம்பிட்டியா?"

மழை.

தங்கை வாயைத் திறக்கவில்லை. கையை எடுக்கவில்லை. மூச்சுகூட விடவில்லை.

சாம்பல் பட்டை எழுந்தது.

எழுந்து, ஆடி, அடங்கியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு மூச்சு.

அவள் கை தானாகக் கீழே இறங்கியது. அக்கா வேகவேகமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், ஆட்டிக்கொண்டே சிரித்தாள். தங்கையின் கன்னங்கள் மேலே ஏறுவதை, உதடுகள் விலகுவதை, திரையின் மூலையில் இருந்த தன் சின்னப் படத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைப் பட்டை எழுந்தது.

"கிளம்பிட்டேன் அக்கா."